யாரோடு மேடையேறலாம்? அடிப்படைவாதமும் சுவிசேஷவாதமும் பிரிந்த கதை

அமெரிக்கத் தேர்தல் காலங்களில் 'கிறிஸ்தவ அடிப்படைவாதிகள்', 'இவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள்' (அதாவது சுவிசேஷவாதிகள்) என்ற இரண்டு தொடர்களும் ஒரே செய்திக் கட்டுரையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வந்துபோவதைப் பார்க்கலாம். எழுதுகிறவர்களை முழுவதும் குறைசொல்லவும் முடியாது. இவ்விரு தரப்பாரின் விசுவாச அறிக்கைகளையும் பெயரை மறைத்து அருகருகே வைத்தால், எது யாருடையது என்று சொல்வது கடினம். வேதாகமம் தேவனால் அருளப்பட்டது, இயேசு கன்னியிடம் பிறந்தார், மனிதரின் பாவத்துக்காக அவர்களுடைய இடத்தில் சிலுவையில் மரித்தார், சரீரத்தோடு உயிர்த்தெழுந்தார், மறுபடியும் வருவார், மனந்திரும்பி அவரை விசுவாசிக்கிறவருக்கே இரட்சிப்பு என்று இரண்டு அறிக்கைகளும் ஒரே குரலில் பேசும். கோட்பாடுகளின் பட்டியலை எவ்வளவு நீட்டினாலும் வேறுபாடு அதில் அகப்படுவதில்லை என்பது என் வாசிப்பில் நான் வந்து சேர்ந்த முடிவு. அது அகப்படுவது வேறொரு கேள்வியில்: தன் விசுவாசத்தை ஏற்காத இன்னொரு கிறிஸ்தவரோடும், அப்படிப்பட்டவரோடு உறவு வைத்திருக்கும் தன் சொந்தச் சகோதரரோடும், ஒருவர் எவ்வளவு தூரம் சேர்ந்து நிற்க ஒப்புக்கொள்வார்?

இவ்விரண்டில் சுவிசேஷவாதமே மூத்தது, அதுவும் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் மூத்தது. 1730களில் மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டனில் ஜோனத்தன் எட்வர்ட்ஸின் சபையில் திரளானோர் மனந்திரும்பிய எழுப்புதல், 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில் ஜான் வெஸ்லி பெற்ற மனமாற்ற அனுபவம், அடுத்த ஆண்டு பிரிஸ்டலுக்கு அருகே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்குத் திறந்தவெளியில் ஜார்ஜ் விட்ஃபீல்ட் செய்த பிரசங்கங்கள் ஆகியவற்றிலிருந்து அதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். இந்த மூவரும் ஒரே சபைப்பிரிவினர் அல்லர். எட்வர்ட்ஸ் காங்கிரகேஷனல் சபைக்காரர். மற்ற இருவரும் ஆங்கிலிக்கன் குருமார். யார் இரட்சிக்கப்படுவார் என்பதைத் தேவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்னும் முன்குறித்தல் கோட்பாட்டில் வெஸ்லியும் விட்ஃபீல்டும் வெளிப்படையாகவே மோதிக்கொண்டவர்கள். ஆனாலும் விட்ஃபீல்ட் 1770இல் இறந்தபோது லண்டனில் அவருக்கான நினைவுப் பிரசங்கத்தைச் செய்தவர் வெஸ்லிதான். ஒருவர் எந்தச் சபையில் இருக்கிறார் என்பதைவிட அவர் மனந்திரும்பினாரா என்பதே முக்கியம் என்ற எண்ணம் இந்த இயக்கத்தின் பிறப்பிலேயே கலந்திருந்தது. ஆகவே எல்லை தாண்டிய ஒத்துழைப்பு அதற்குப் பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட ஓர் உத்தி என்று சொல்ல இடமில்லை.

வரலாற்றாசிரியர் டேவிட் பெபிங்டன் 1989இல் முன்வைத்த நான்கு அடையாளங்கள் இன்று பெரும்பாலும் ஏற்கப்படுகின்றன. மனமாற்றம் அவசியம் என்ற உறுதி, வேதாகமத்துக்குத் தரும் தனி மதிப்பு, சிலுவை மரணத்தை மையமாகக் கொள்ளுதல், விசுவாசத்தைச் செயலில் காட்டும் ஊக்கம் என்பவையே அவை. அடிமை வணிகத்தை 1807இல் சட்டத்தால் நிறுத்த உழைத்த வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் இந்த நான்கிலும் பொருந்துவார். இருபதாம் நூற்றாண்டின் மிகக் கண்டிப்பான அடிப்படைவாதப் போதகரும் பொருந்துவார். அடிப்படைவாதம் சுவிசேஷவாதத்தின் வயிற்றில் பிறந்த பிள்ளை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. அதே சமயம், பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்தறிய இந்த நான்கும் உதவாது என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேதாகமத்தை மற்றப் பழம் நூல்களைப் போலவே ஆராயும், ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்த வேதாகம விமரிசனமும் டார்வினின் கொள்கையும் அமெரிக்க இறையியல் கல்லூரிகளுக்குள் நுழைந்தபோது, பழைய விசுவாசத்தைக் காக்க ஒரு பதில் தேவைப்பட்டது. யூனியன் ஆயில் நிறுவனத்தின் லைமன் ஸ்டூவர்ட்டும் அவருடைய சகோதரர் மில்டனும் கொடுத்த பணத்தில் 1910 முதல் 1915 வரை 'தி ஃபண்டமென்டல்ஸ்' என்ற பெயரில் 12 தொகுதிகள் வெளிவந்தன. 90 கட்டுரைகள், ஏறத்தாழ 30 லட்சம் பிரதிகள். ஆங்கிலம் பேசும் உலகெங்கும் போதகர்களுக்கும் மிஷனெரிகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் அவை இலவசமாக அனுப்பப்பட்டன. அடிப்படைவாதத்துக்குப் பெயர் கிடைத்தது இங்கிருந்துதான். ஆனால் இத்தொகுதிகளை இன்று புரட்டிப் பார்க்கிறவர் எதிர்பார்க்கும் கடுமையான சண்டைத்தொனி அவற்றில் பெரும்பாலும் இல்லை. எழுதியவர்களில் ஸ்காட்லாந்து இறையியலாளர் ஜேம்ஸ் ஓர் ஒருவர். வேதாகமத்தில் சிறு பிழைகூட இருக்க முடியாது என்ற கோட்பாட்டை அவர் ஏற்காதவர். பரிணாமம் ஏதோ ஒரு வடிவில் நிகழ்ந்திருக்கலாம் என்று கருதியவர். பிழையின்மைக் கோட்பாட்டைக் கூர்தீட்டிக் கொடுத்த பிரின்ஸ்டனின் பெஞ்சமின் வார்ஃபீல்டும் அதே வரிசையில் எழுதினார். அவரும் பரிணாமத்தை முற்றாகத் தள்ளியவர் அல்லர். ஐம்பது ஆண்டுகள் கழித்து நடந்திருந்தால், இந்த இருவரில் ஒருவராவது அந்த அட்டைக்குள் இடம் பெற்றிருக்க மாட்டார்.

மனநிலை மாறியது முதல் உலகப் போருக்குப் பிறகு. 1920இல் பாப்டிஸ்ட் இதழாசிரியர் கர்ட்டிஸ் லீ லாஸ், அடிப்படை உண்மைகளுக்காகப் போர் புரியத் துணிந்தவர்களை 'ஃபண்டமென்டலிஸ்டுகள்' என்று அழைக்கலாம் என எழுதினார். அவர் தந்த விளக்கத்தில் நம்பிக்கையோடு போரும் சேர்ந்தே இருந்ததைக் கவனிக்க வேண்டும். 1922 மே மாதத்தில் நியூயார்க்கின் முதல் பிரஸ்பிட்டேரியன் ஆலயத்தில் ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக், அடிப்படைவாதிகள் வெல்லப்போகிறார்களா என்று கேட்டுச் செய்த பிரசங்கம், ஜான் ராக்ஃபெல்லரின் மகனுடைய பண உதவியோடு அச்சாகி நாடெங்கும் பரவியது. இரண்டு பக்கத்துப் பிரசுரங்களையும் எண்ணெய்ப் பணமே தாங்கியது என்பது இறையியலாளர்கள் அவ்வளவாக எடுத்துச் சொல்லாத ஒரு செய்தி. அடுத்த ஆண்டு பிரின்ஸ்டன் பேராசிரியர் கிரெஷம் மேச்சன், புதிய ஆராய்ச்சிக்கு ஏற்பப் பழைய கோட்பாடுகளைத் தளர்த்திய தாராளவாத இறையியல் கிறிஸ்தவத்தின் ஒரு வகையே அல்ல, அது வேறொரு மதம் என்று வாதிட்டுப் புத்தகம் எழுதினார். கருத்துவேறுபாடு அதுவரை ஒரு வீட்டுக்குள் நடந்த சண்டையாக இருந்தது. எதிரில் இருப்பது வேறு மதம் என்றால் ஒரே வீட்டில் இருப்பதற்கே நியாயம் இல்லாமல் போகிறது. பின்னால் வந்த பிரிவுகள் எல்லாம் இந்த வாதத்திலிருந்து தர்க்கப்படி கிளைத்தவையே. மேச்சனுக்கோ அடிப்படைவாதி என்று அழைக்கப்படுவது பிடிக்காது. மதுவிலக்குக்குச் சபை ஆதரவு தர வேண்டும் என்ற தீர்மானத்துக்கு எதிராக அவர் நின்றதை அவருடைய தோழர்கள் பலரால் சீரணிக்கவும் முடியவில்லை.

1925 ஜூலையில் டென்னசியின் டேட்டனில் நடந்த ஸ்கோப்ஸ் வழக்கு எல்லாருக்கும் தெரிந்ததே என்பதால் அதில் நெடுநேரம் நிற்கத் தேவையில்லை. பரிணாமம் கற்பித்ததற்காக ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கில் வென்ற அடிப்படைவாதிகள் நாளிதழ்களில் தோற்றார்கள். ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். அரசுத் தரப்பில் வாதாடி, சாட்சிக் கூண்டிலும் ஏறிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், ஆதியாகமத்தின் நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். பூமிக்கு ஆறாயிரம் ஆண்டுதான் வயது என்ற நிலைப்பாடு அமெரிக்க அடிப்படைவாதிகளிடையே பரவலாக வேரூன்றியது 1961க்குப் பிறகுதான். படைப்பைப் பற்றிய கருத்தை வைத்து இவ்விரு தரப்பையும் பிரிக்க முயல்கிறவர்கள், 1925ஆம் ஆண்டின் மிகப் புகழ்பெற்ற அடிப்படைவாதியையே வெளியே தள்ள நேரும்.

பொதுவெளியில் பட்ட அவமானத்தைவிட, பெரிய சபைப்பிரிவுகளுக்குள் அடைந்த தோல்வியே இயக்கத்தின் போக்கைத் தீர்மானித்தது என்று நினைக்கிறேன். பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாற்றியமைக்கப்பட்டபோது மேச்சன் 1929இல் வெளியேறி பிலடெல்பியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் கல்லூரியைத் தொடங்கினார்; 1936இல் தனிச் சபைப்பிரிவே தொடங்கினார்; 1937 புத்தாண்டு அன்று இறந்தார். அவர் மறைந்த அதே ஆண்டில் கார்ல் மக்கின்டயர் என்ற இளம் போதகர், கிறிஸ்து பூமியில் நடத்தப்போகும் ஆயிரவருட அரசாட்சி பற்றிய கருத்துவேறுபாட்டாலும் மது அருந்துவது பற்றிய வாக்குவாதத்தாலும் அந்தச் சிறு சபைப்பிரிவிலிருந்தும் பிரிந்துபோனார். உள்ளே இருந்து சீர்திருத்த முயன்று முடியாமல் வெளியேறியவர்களுக்கு, வெளியேறியதே ஒரு கோட்பாடாக மாறிவிட்டது. அதுவரை எந்த அடிப்படை உண்மைப் பட்டியலிலும் இல்லாத 'வேறுபிரிந்திருத்தல்' இப்போது மற்ற எல்லாவற்றுக்கும் காவலாக நிறுத்தப்பட்டது.

இந்த வேறுபிரிதலுக்கு இரண்டு படிகள் உண்டு; இதை விளங்கிக்கொள்ளாவிட்டால் மீதிக் கதை விளங்காது. அடிப்படை உண்மைகளை மறுதலிக்கிறவரோடு சபை ஐக்கியம் வைத்துக்கொள்ளக்கூடாது என்பது முதல் படி. அப்படிப்பட்டவரோடு ஐக்கியம் வைத்திருக்கும் விசுவாசியோடும், அவர் கோட்பாட்டில் எவ்வளவு சரியானவராக இருந்தாலும், ஐக்கியம் வைத்துக்கொள்ளக்கூடாது என்பது இரண்டாவது. முதலாவதைச் சுவிசேஷவாதிகளில் பலர் ஏதோ ஓர் அளவில் ஏற்பார்கள். 1887இல் பிரிட்டனின் பாப்டிஸ்ட் ஒன்றியத்திலிருந்து சார்லஸ் ஸ்பர்ஜன் விலகியதும் அந்த வகையே. இரண்டாவது படியில் கால் வைக்கும்போதுதான் ஒருவர் முழுமையான அடிப்படைவாதி ஆகிறார்.

1941இல் மக்கின்டயர் ஒரு சபைக் கூட்டமைப்பைத் தொடங்கினார். அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் சபைப்பிரிவுகளின் கூட்டமைப்பான, தாராளவாதிகள் செல்வாக்குப் பெற்றிருந்த ஃபெடரல் கவுன்சிலோடு தொடர்புள்ள எந்தச் சபைப்பிரிவும் அதில் உறுப்பினராக முடியாது. அடுத்த ஆண்டே செயின்ட் லூயிஸ் நகரில் ஹாரல்ட் ஆக்கென்கா தலைமையில் தேசிய இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு உருவானது. விசுவாச அறிக்கையை ஏற்றால் போதும், பெரிய சபைப்பிரிவுகளுக்குள் இருந்துகொண்டே தனி ஆளாகவோ தனிச் சபையாகவோ அதில் சேரலாம். பெந்தெகொஸ்தே சபைகளையும் அது சேர்த்துக்கொண்டது. அந்நியபாஷை பேசும் பெந்தெகொஸ்தேயினரை 1928இல் அடிப்படைவாதிகளின் உலகச் சங்கம் கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்ததை நினைத்தால் இது எவ்வளவு பெரிய திருப்பம் என்பது புரியும். இரு கூட்டமைப்புகளின் விசுவாசமும் ஏறத்தாழ ஒன்று. வாசலில் நிற்கும் காவலாளிக்குக் கொடுக்கப்பட்ட உத்தரவு மட்டும் வேறு.

ஆனாலும் பிரிவு அப்போதே முற்றிவிடவில்லை. 1947இல் இறையியலாளர் கார்ல் ஹென்றி, வறுமை, இனவெறி, போர், தொழிலாளர் உரிமை ஆகியவற்றைப் பற்றி அடிப்படைவாதிகளுக்குச் சொல்ல எதுவும் இல்லாமல் போயிற்றே என்று வருந்தி எழுதியபோது, தன்னையும் அவர்களில் ஒருவராக வைத்துக்கொண்டே எழுதினார். அதே ஆண்டில் கலிபோர்னியாவின் பாசடினாவில் ஃபுல்லர் இறையியல் கல்லூரி தொடங்கியது. 1948இல் ஆக்கென்கா 'புதிய சுவிசேஷவாதம்' என்ற பெயரைச் சூட்டினார். பல்கலைக்கழக ஆய்வுலகோடு பேச வேண்டும், சமூகப் பொறுப்பை மீட்க வேண்டும், பிரிந்துபோகும் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பதே அதன் சாரம். எதிர்த்தரப்பில் இந்தப் பெயர் வசைச்சொல்லாக ஒலிக்கச் சில ஆண்டுகளே ஆயின.

முறிவு 1957இல் நிகழ்ந்தது. அதன் மையத்தில் நின்ற பில்லி கிரஹாம் அடிப்படைவாதம் வளர்த்த பிள்ளை. 1936இல் பாப் ஜோன்ஸ் கல்லூரியில் சிறிது காலம் படித்தவர். அடிப்படைவாதிகளின் உலகச் சங்கத்தைத் தொடங்கிய வில்லியம் பெல் ரைலி, மினியாபொலிசில் தாம் நடத்திய கல்வி நிலையங்களுக்குத் தமக்குப் பின் தலைவராக வர வேண்டும் என்று வற்புறுத்தித் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். அவர் என்ன பிரசங்கித்தார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பாவம், சிலுவை, மனந்திரும்புதல், மறுபிறப்பு என்ற அதே செய்திதான். 1957 மே 15 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தொடங்கி 16 வாரங்கள் நீண்ட அவருடைய நற்செய்திக் கூட்டங்களுக்கு 20 லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். சிக்கல் மேடையில் எழவில்லை, மேடைக்குப் பின்னால் எழுந்தது. நகரின் புராட்டஸ்டன்ட் கவுன்சில் அழைப்பின்பேரில் அவர் வந்தார். அந்தக் கவுன்சிலில் தாராளவாதச் சபைகளும் இருந்தன. கூட்டத்தின் முடிவில் எழுந்து முன்னால் வந்து தீர்மான அட்டையை நிரப்பியவர்களின் பெயர்கள், பின்தொடர்ந்து கவனிப்பதற்காக, அவர்கள் விரும்பிய அல்லது அவர்களுக்கு அருகில் இருந்த சபைகளுக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் தாராளவாதச் சபைகளும் அடங்கும்.

கிரஹாம் படித்த கல்லூரியின் நிறுவனர் பாப் ஜோன்ஸ், அடிப்படைவாத இதழாசிரியர் ஜான் ரைஸ், மக்கின்டயர் ஆகியோருக்கு இது பொறுக்கமுடியாத செயலாகப் பட்டது. இன்றைய வாசகர் இதைக் குறுகிய மனம் என்று எளிதாகத் தள்ளிவிடக்கூடும். நான் அப்படிச் செய்யத் தயங்குகிறேன். அவர்களுடைய வாதத்தை அவர்களுடைய நம்பிக்கையின் உள்ளிருந்து பார்த்தால் அது பிசிரில்லாத வாதம். உயிர்த்தெழுதல் உண்மையாக நடந்தது என்று நம்பாத ஒரு போதகரின் கையில், அந்த உயிர்த்தெழுதலை நம்பி நேற்றிரவு மனந்திரும்பிய ஒருவரை ஒப்படைப்பது எந்த வகையில் அன்பாகும் என்று அவர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு கிரஹாமின் தரப்பு நேரடியாக ஒருபோதும் பதில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. செய்தியில் நான் எதையும் விட்டுக்கொடுக்காதவரை யார் அழைத்தாலும் போவேன் என்பதே அவர் நிலைப்பாடு. அது அழைப்பைப் பற்றிய பதில்; அட்டைகளைப் பற்றிய பதில் அல்ல. மறுபக்கம், கிரஹாம் சமரசம் செய்யாமல் பிரிந்தே இருந்திருந்தால், அந்தப் பதினாறு வாரங்களில் அவர் பேச்சைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் அதை ஒருபோதும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. ஜூலையில் ஒருநாள் மார்ட்டின் லூதர் கிங்கை அதே மேடைக்கு அழைத்து ஜெபிக்கச் சொன்னதும், பிரிவின் மதில்களுக்குள் இருந்தவரால் முடிந்திருக்காது. தாராளவாத முகாமிலும் எல்லாரும் மகிழ்ந்துவிடவில்லை. இத்தனை சிக்கலான உலகுக்கு இவ்வளவு எளிமையான செய்தியா என்று இறையியலாளர் ரெய்ன்ஹோல்ட் நீபுர் எழுதிய விமரிசனங்கள் வேறு இருந்தன.

இரு தரப்பாரும் கையில் வைத்திருந்த வசனங்களைப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். "ஆனபடியால், நீங்கள் அவர்கள் நடுவிலிருந்து புறப்பட்டுப் பிரிந்துபோய், அசுத்தமானதைத் தொடாதிருங்கள்" என்பது பிரிந்தவர்களின் வசனம். "எப்படியாகிலும் சிலரை இரட்சிக்கும்படிக்கு நான் எல்லாருக்கும் எல்லாமானேன்" என்பது கிரஹாமின் தரப்பார் நெஞ்சில் ஏந்தியது. இரண்டையும் எழுதியவர் பவுல். எழுதப்பட்டதும் ஒரே கொரிந்து சபைக்கு. வேதாகமம் பிழையற்றது என்பதில் இருவருக்கும் கருத்துவேறுபாடு இல்லாததால், வேதாகமத்தைக் காட்டி ஒருவரை ஒருவர் வெல்லவும் இவர்களால் முடியவில்லை. எது முந்துகிறது, ஆத்தும ஆதாயமா சபையின் தூய்மையா, என்ற வரிசைப்படுத்தலே அவர்களைப் பிரித்தது. அந்த வரிசையை எந்த விசுவாச அறிக்கையும் எழுதி வைப்பதில்லை.

வேறுபிரிதல் ஒரு முறை கோட்பாடாகிவிட்டால் அது எங்கே நிற்கும் என்பது கடினமான கேள்வி. 1970களின் தொடக்கத்தில் ஜான் ரைஸே அதன் மறுபக்கத்துக்குத் தள்ளப்பட்டார். கோட்பாட்டில் சரியான ஒருவரை, அவர் யாரோடு பழகுகிறார் என்பதற்காக ஒதுக்குவது வேதத்துக்கு ஏற்றதல்ல என்று அவர் வாதிட்டபோது, பாப் ஜோன்ஸின் மகனான இளைய பாப் ஜோன்ஸ் அவரோடும் உறவை முறித்துக்கொண்டார். கிரஹாமிடமிருந்து பிரிந்தவரிடமிருந்தும் பிரிந்தாயிற்று.

பிழையின்மைதான் எல்லைக்கோடு என்று சொல்கிறவர்கள் உண்டு. அடிப்படைவாதிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், சுவிசேஷவாதிகள் நழுவவிட்டார்கள் என்பது அவர்கள் கருத்து. ஃபுல்லர் கல்லூரியின் கதையை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். 1960களில் அதன் ஆசிரியர்கள் இதில் இரண்டுபட்டார்கள், 1970களின் தொடக்கத்தில் கல்லூரி தன் விசுவாச அறிக்கையையே திருத்தி எழுதியது. ஆனால் அதை எதிர்த்துப் போராடியவர்களும் சுவிசேஷவாதிகளே. 1978இல் வேதாகமப் பிழையின்மை குறித்த சிகாகோ அறிக்கையில் ஒப்பமிட்டவர்களில் பெரும்பாலோர் கிரஹாமோடு மேடையேறத் தயங்காதவர்கள். விசுவாசிகளை எடுத்துக்கொள்ளக் கிறிஸ்து இரகசியமாக வருவார் என்ற இரகசிய வருகை நம்பிக்கை, பழைய ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்பு மட்டுமே செல்லும் என்ற பிடிவாதம், திரைப்படமும் நடனமும் பற்றிய தடைகள் ஆகியவையும் வேறுபாடுகளாகச் சொல்லப்படுகின்றன. அவை பழக்கத்தைக் காட்டும், எல்லையைக் காட்டமாட்டா.

பிரிட்டனில் இதே கேள்வி அடிப்படைவாதம் என்ற பெயரே இல்லாமல் எழுந்தது. 1966 அக்டோபர் 18 அன்று லண்டனில் கூடிய சுவிசேஷவாதிகளின் தேசிய மாநாட்டில் லண்டன் போதகர் மார்ட்டின் லாய்ட்-ஜோன்ஸ், பல கருத்தினரும் கலந்திருக்கும் சபைப்பிரிவுகளில் சிதறிக்கிடக்கும் சுவிசேஷவாதிகள் ஒன்றாக வெளியே வந்து நிற்க வேண்டும் என்ற பொருள்பட அழைத்தார். கூட்டத்துக்குத் தலைமை வகித்த ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட், முடிவுரையில் மரபை மீறி எழுந்து, வரலாறும் வேதமும் அந்த அழைப்புக்கு எதிராக நிற்கின்றன என்றார். லாய்ட்-ஜோன்ஸை அடிப்படைவாதி என்று அழைப்பது பொருந்தாது. அவருடைய வாசிப்பும் பண்பும் மக்கின்டயரின் உலகத்தைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் அன்று அவர் கேட்டது முதல் படி வேறுபிரிதலையே. அப்படியானால் இவ்விரு முகாம்களுக்கும் இடையில் இருப்பது மதில் அல்ல, சரிவு. லாய்ட்-ஜோன்ஸ் அதன் நடுவில் எங்கோ நிற்கிறார். ஸ்டாட்டோ எதிர்த்திசையில் போய், 1974இல் 150 நாடுகளின் பிரதிநிதிகள் சுவிட்சர்லாந்தில் கூடிய லொசான் மாநாட்டின் உடன்படிக்கையை வரைவதில் முன்னின்றார். லத்தீன் அமெரிக்காவின் ரெனே பதிலாவும் சாமுவேல் எஸ்கோபாரும் அங்கே சமூக நீதியைப் பற்றி அழுத்தமாகப் பேசினார்கள். சுவிசேஷ ஊழியமும் சமூகப் பொறுப்பும் இரண்டுமே கிறிஸ்தவக் கடமை என்று அந்த உடன்படிக்கை ஒப்புக்கொண்டது. ஹென்றி 1947இல் எழுப்பிய குறைக்குக் கிடைத்த பதில் இது என்று கொள்ளலாம்.

இந்தக் கோடு அமெரிக்காவில் மங்கியதற்குக் காரணம் இறையியல் அல்ல, அரசியல். வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் நகரப் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் தன்னை அடிப்படைவாதி என்று பெருமையோடு அழைத்துக்கொண்டவர். 1965இல், கறுப்பின மக்களின் குடிமையுரிமைப் போராட்டத்தில் இறங்கிய போதகர்களைக் கண்டித்து, ஊழியரின் வேலை ஆத்தும ஆதாயம், அரசியல் அல்ல என்று பிரசங்கித்தார். 1979இல் அவரே 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கி, கருக்கலைப்பு எதிர்ப்பு முதலியவற்றுக்காகக் கத்தோலிக்கரையும், அடிப்படைவாதிகள் கிறிஸ்தவராகவே ஏற்காத மார்மன்களையும், யூதர்களையும் சேர்த்துக்கொண்டார். நாளிதழ்கள் அவரை அடிப்படைவாதத்தின் முகம் என்று எழுதிய அதே காலத்தில், தென் கரோலினாவின் கிரீன்வில்லில் இருந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தார் அவர் அடிப்படைவாதத்தையே விட்டுவிட்டார் என்று அறிவித்தார்கள். அவர்களுடைய அளவுகோலின்படி அவர்கள் சொன்னதே சரி. 1957இல் கிரஹாம் சொன்ன நியாயத்தை ஃபால்வெல் எடுத்துக்கொண்டார்; ஆனால் கிரஹாம் மற்றவர்களோடு அமர்ந்தது ஆத்துமாக்களுக்காக, ஃபால்வெல் அமர்ந்தது வாக்குகளுக்காக. என்னைக் கேட்டால், சுவிசேஷவாதத்துக்கு நேர்ந்த பெரிய கேடு இந்த இடமாற்றத்தில்தான் தொடங்கியது. அடிப்படைவாதத்தின் போர்க்குணம் உள்ளே வந்தது. கோட்பாட்டைப் பற்றி அது கொண்டிருந்த கவலை வரவில்லை. 2016 தேர்தலில் வெள்ளை இன இவாஞ்சலிக்கல் வாக்காளரில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் டொனால்ட் டிரம்புக்கு வாக்களித்ததாக வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்புகள் காட்டிய பிறகு, அந்தப் பெயரையே கைவிட்டவர்களும் உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் இயங்கிவந்த மாணவர் ஐக்கியம் ஒன்று 2017இல் தன் பெயரிலிருந்து 'இவாஞ்சலிக்கல்' என்பதை எடுத்துவிட்டு 'கிறிஸ்தவ' என்று வைத்துக்கொண்டது. அதே கோட்பாடுகளைப் பற்றிக்கொண்டிருக்கும் கறுப்பின அமெரிக்கச் சபைகள் பலவும் அந்தப் பெயரை முதலிலிருந்தே சூடிக்கொண்டதில்லை.

மார்மன்களோடு சேர்ந்ததற்காக ஃபால்வெல்லைக் கண்டித்த கிரீன்வில்லில், 2007 அக்டோபரில், நிறுவனரின் பேரனும் பல்கலைக்கழகத்தின் அப்போதைய வேந்தருமான மூன்றாம் பாப் ஜோன்ஸ், அதிபர் வேட்பாளராக மிட் ராம்னியை ஆதரிப்பதாக அறிவித்தார். ராம்னி ஒரு மார்மன். வாக்கு வேறு, சபை ஐக்கியம் வேறு என்று அதற்கு விளக்கம் சொல்ல முடியும். அந்த விளக்கத்தில் தர்க்கப் பிழையும் இல்லை. தம்முடைய அமைப்பு மத அமைப்பல்ல, அரசியல் அமைப்பு என்று ஃபால்வெல் சொல்லிவந்ததும் ஏறத்தாழ அதையேதான்.